அமீன் வளையத்தின் அளவை எது முடிவு செய்கிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். 4-பென்டெனைல் அமீன் சட்டகம் கொண்ட ஒரு அமீனோ ஆல்கீன், அதாவது ஒரு முனையில் அமீனும் மறு முனையில் இரட்டைப் பிணைப்பும் உள்ள சங்கிலி, உங்களிடம் இருக்கிறது. நைட்ரஜனில் டோசில் என்ற காப்புத் தொகுதியைக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது பைப்பெரிடின், அதாவது ஆறு அணு வளையம். செம்பு டிரைஃப்ளேட், வெள்ளி டிரைஃப்ளேட் இரண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று, இரண்டிலும் ஐந்து அணு வளையமான 2-மெத்தில் பைரோலிடின்தான் வருகிறது. எந்த உலோகத்துக்கு மாறினால் ஆறு அணு வளையம் மட்டும் தேர்ந்து கிடைக்கும் என்கிறீர்கள். கேள்வி உலோகத்தைப் பற்றியது போல இருந்தாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: வளையத்தின் அளவை முடிவு செய்வது உலோகமா, அதைப் பற்றியிருக்கும் ஈனியா, அல்லது வினைபடுபொருளே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டதா? பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நைட்ரஜன் வளையங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. உங்கள் சேர்மத்தில் நைட்ரஜனுக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் நடுவே மூன்று கார்பன்கள் இருக்கின்றன. நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் உள்பக்கக் கார்பனைப் பிடித்தால் ஐந்து அணு வளையம், முனைக் கார்பனைப் பிடித்தால் ஆறு அணு வளையம். முதலாவது 5-எக்சோ, இரண்டாவது 6-எண்டோ. 1976-ல் பால்ட்வின் வகுத்த விதிகள் இரண்டையுமே அனுமதிக்கின்றன. ஆனால் சாதாரணமான முனை ஆல்கீனில் ஹைட்ரோஅமினேற்றம் (அமீனின் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் சேரும் வினை) என்று போனால் ஏறக்குறைய எல்லா உலோகங்களும் 5-எக்சோ வழியில்தான் போகும். முன்வரிசை உலோகங்களில் (தனிம அட்டவணையின் இடப்பக்கத்தவை) அந்தச் சங்கிலி ஐந்து அணு வளைய வடிவில்தான் எளிதாக மடிந்து இரட்டைப் பிணைப்பைத் தொடுகிறது. பின்வரிசை உலோகங்களிலும் (அட்டவணையில் அவற்றுக்கு வலப்பக்கத்தவை) அமில வழியிலும் நேர்மின் சுமையை உள்பக்கக் கார்பன்தான் நன்றாகத் தாங்கும், அதனால் நைட்ரஜன் அங்கேயே போய் ஒட்டுகிறது. இரண்டு காரணங்களும் ஒரே பக்கம் இழுக்கின்றன. ஆகவே உலோகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பல மாதங்கள் போகும், பைரோலிடின்தான் சேரும்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தையும் எழுப்பியே ஆக வேண்டும். உங்கள் வினையை நடத்தியது உலோகம்தானா? டிரைஃப்ளேட் உப்புகள் சிறிதளவு ஈரத்தோடு சேர்ந்தால்கூட டிரைஃப்ளிக் அமிலம் வெளிவரும். டோசில் கட்டிய அமீனோ ஆல்கீன்களை மூடுவதற்கு அந்த அமிலமே போதும் என்று ஹார்ட்விக் குழு 2006-ல் காட்டியது. உலோக டிரைஃப்ளேட்டுகளைப் போட்டால் கிடைக்கும் அதே பொருள்கள் வெறும் அமிலத்திலும் கிடைத்தன. இரண்டு வேறு உலோகங்கள் ஒரே விகிதத்தில் ஒரே பொருளைத் தந்தன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சோதிப்பது எளிது. 2,6-டைடெர்ட்பியூட்டைல் பிரிடினைச் சிறிதளவு சேர்த்து அதே வினையை ஓட்டுங்கள். அதன் நைட்ரஜனை இரண்டு பக்கமும் பருத்த தொகுதிகள் மறைத்து நிற்பதால் அது உலோகத்தோடு எளிதில் ஒட்டாது, ஆனால் புரோட்டானை மட்டும் பிடித்துக்கொள்ளும். வினை நின்றுவிட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் அமில வினையூக்கம். ஒரு நாள் வேலைதான். அப்புறம்தான் உலோகத்தைப் பற்றிப் பேசுவதற்கே அர்த்தம் இருக்கிறது.

சரி, உண்மையான உலோக வினையூக்கத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பலர் மேற்கோள் காட்டும் தொடக்கம் டோபின் மார்க்ஸின் லாந்தனைடு சேர்மங்கள், 1989. உலோகத்தோடு அமைடாகப் பிணைந்த நைட்ரஜனுக்கும் உலோகத்துக்கும் இடையே ஆல்கீன் நுழைந்து வளையம் மூடும், பிறகு இன்னொரு அமீன் மூலக்கூறு புரோட்டானைக் கொடுத்து விளைபொருளை விடுவிக்கும் என்பது அந்தப் பள்ளியின் விளக்கம். நுழைவும் புரோட்டான் மாற்றமும் ஒரே மூச்சில் நடக்கின்றன என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த விவாதம் முழுவதுமாக முடியவில்லை. உங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது இது: லாந்தனைடு, டைட்டேனியம், சிர்கோனியம் போன்ற முன்வரிசை உலோகங்களுக்கு ஆக்சிஜன் என்றால் அடங்காத பசி. கரைப்பானில் ஈரம் இருந்தாலோ, மூலக்கூறில் எஸ்டரோ கீட்டோனோ இருந்தாலோ வேலை ஆகாது. கிளவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத வேலைப் பெட்டி) இல்லாத ஆய்வகத்தில் இவற்றைத் தொடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். 99 சதவீதம் விளைச்சல் என்று போட்டிருக்கும் அட்டவணையின் முதல் வரிசையில் பெரும்பாலும் 2,2-டைஃபினைல்-4-பென்டெனைல் அமீன் இருக்கும். ஒரே கார்பனில் இரண்டு பருத்த தொகுதிகள் உட்கார்ந்தால் சங்கிலி தானாகவே மடிந்து, முனைகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். தார்ப்பும் இன்கோல்டும் 1915-ல் சொன்ன விளைவு இது. அந்தச் சேர்மம் மூடிக்கொள்ளவே காத்திருக்கிறது, மிகச் சுமாரான வினையூக்கியைப் போட்டாலும் மூடும். கிளைகளே இல்லாத உங்கள் சங்கிலிக்கு அந்த எண் பொருந்தாது. அட்டவணையின் கடைசி வரிசைகளுக்குப் போய், கிளையில்லாத சேர்மம் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி கேட்டது என்று பாருங்கள். ஒரு வினையூக்கியின் தரம் அங்கேதான் தெரியும்.

6-எண்டோ வழி முழுக்க மூடிக் கிடக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்த கதவுகள் இரண்டு உண்டு. உள்பக்கக் கார்பனில் அரைல் தொகுதி (பென்சீன் போன்ற வளையம்) இருந்தால், ரோடியம் வினையூக்கி நைட்ரஜனை முனைக் கார்பனுக்குக் கொண்டுபோகும், 3-அரைல் பைப்பெரிடின் கிடைக்கும். டாகெமியாவும் ஹார்ட்விக்கும் 2006-ல் வெளியிட்டது இது. இன்னொன்று, வலிமையான ஆக்சிஜனேற்றியோடு பல்லேடியம். குவோஷெங் லியூவின் குழு 2009-ல் பல்லேடியம் அசிட்டேட், வெள்ளி ஃபுளூரைடு, உயர் இணைதிற அயோடின் சேர்மம் மூன்றையும் சேர்த்து, டோசில் கட்டிய அமீனோ ஆல்கீன்களிலிருந்து 3-ஃபுளூரோ பைப்பெரிடின்களை எடுத்தது. ஆறு அணு வளையம் வருகிறது, ஆனால் மூன்றாவது இடத்தில் ஃபுளூரினும் கூடவே வருகிறது. உங்களுக்கு அந்த ஃபுளூரின் வேண்டுமென்றால் இது அருமையான வழி. வேண்டாமென்றால் இது உங்கள் வழி இல்லை. உங்கள் மூலக்கூறில் அரைல் தொகுதி எதுவும் சொல்லப்படவில்லை, அதனால் முதல் கதவும் திறக்காது என்றே கருதுகிறேன்.

இவ்வளவும் வளையத்தின் அளவைப் பற்றி. ‘தேர்ந்து’ என்ற சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு, அவற்றில் உலோகமும் ஈனியும் நிஜமாகவே அதிகாரம் செலுத்துகின்றன. நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவது ஜெனிஃபர் ஷோமேக்கர் குழுவின் 2013-ஆம் ஆண்டு வேலை. உலோகம் வெள்ளி, ஈனி ஃபீனாந்த்ரோலின். வினைபடுபொருளில் இரட்டைப் பிணைப்பும் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பும் இருக்கிறது. வெள்ளிக்கு 1.25 பங்கு ஃபீனாந்த்ரோலின் போட்டால் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் ஏறி அசிரிடின், அதாவது மூன்று அணு வளையம் உருவாகிறது. 3 பங்கு போட்டால் இரட்டைப் பிணைப்பைத் தொடாமல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் நுழைகிறது. உலோக உப்பு அதே, ஈனி அதே, ஆக்சிஜனேற்றி அதே. தராசில் நிறுக்கும் ஈனியின் அளவு மட்டும்தான் மாறுகிறது. ஒரு ஈனி பிடித்த வெள்ளிக்கும் இரண்டு ஈனி பிடித்த வெள்ளிக்கும் நைட்ரஜன் எட்டிப் பார்க்கும் இடைவெளி வேறு, இரண்டாவதில் நெருக்கடி அதிகம். இதைப் பார்த்த பிறகு ‘வெள்ளி அசிரிடின் தரும்’ என்று யாரும் எழுதினால் எந்த விகிதத்தில் என்று கேட்கத் தோன்றும்.

இதேபோல சிர்கோனியத்திலும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரல் ஷேஃபரின் குழு ஒரு பக்கம் ஹைட்ரோஅமினேற்றத்துக்குச் சிர்கோனிய வினையூக்கிகளைச் செய்தது. மறுபக்கம், 2009-ல், பிரிடோனேட் ஈனிகளைக் கட்டியபோது முதனிலை அமீனோ ஆல்கீன்களில் நைட்ரஜன் பிணைப்பை விட்டுவிட்டு அதன் பக்கத்துக் கார்பன் போய் ஆல்கீனோடு சேர்ந்தது. விளைவாக வளையம் முழுக்கக் கார்பன், அமீன் தொகுதி வெளியே தொங்குகிறது. இதுவும் ‘வளைய அமீன்’ என்ற பெயரில்தான் தேடலில் வரும். நைட்ரஜன் வளையத்துக்குள்ளா வெளியேவா என்று படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகு செய்முறையைப் படியுங்கள். நானே ஒருமுறை தலைப்பை நம்பிப் பாதி நாளை இழந்திருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு உண்மையில் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். ஆறு அணு வளையம்தான் வேண்டும், கிளையில்லாத சட்டகம்தான் என்றால், ஐந்தா ஆறா என்ற போட்டியே எழாத வினையைத் தேர்ந்தெடுங்கள். 1,5-பென்டேன்டையோலும் ஒரு முதனிலை அமீனும் எடுத்துக்கொண்டால் கார்பன் எண்ணிக்கையிலேயே வளையத்தின் அளவு எழுதப்பட்டுவிட்டது: ஐந்து கார்பன், ஒரு நைட்ரஜன். இதை இணைக்க உலோகம் செய்வது கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வேலை. ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்து வைத்துக்கொள்ளும், ஆல்டிஹைடு உருவாகும். அமீன் அதோடு குறுகி நீரை வெளியேற்றி இமீன் ஆகும். உலோகம் தான் வைத்திருந்த ஹைட்ரஜனை இமீனுக்குக் கொடுத்துவிடும். இரண்டாவது ஆல்கஹால் முனையிலும் இதே கதை நடக்கும்போது வளையம் மூடிக்கொள்ளும். கழிவு நீர் மட்டும்தான். 1981-ல் கிரிக்கும் வாட்டனாபேயும் தனித்தனியே ஆல்கஹாலைக் கொண்டு அமீனை ஆல்கைலேற்றம் செய்யும் இந்த வழியைத் திறந்தார்கள். ஃபுஜிதாவும் யமகுச்சியும் 2004-ல் பென்டாமெத்தில் சைக்ளோபென்டாடையினைல் இரிடியம் குளோரைடு இருபடியை எடுத்து, டொலுயீனில் சோடியம் பைகார்பனேட்டோடு சூடாக்கி, டையோல்களிலிருந்து ஐந்து, ஆறு, ஏழு அணு வளையங்களைச் செய்தார்கள். தொழிற்சாலை அளவில் பைரோலிடின் செய்வதும் இதற்கு உறவான வழிதான்: 1,4-பியூட்டேன்டையோலும் அம்மோனியாவும், அலுமினா மேல் ஏற்றிய கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள், 165 முதல் 200 டிகிரி வெப்பம், பெரும் அழுத்தம்.

இந்த வினையில் பிழை எங்கே வரும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பென்சைல் அமீனையும் 1,5-பென்டேன்டையோலையும் வைத்து முதன்முதலாக ஓட்டியபோது, நல்ல பழக்கம் என்று நினைத்து ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் குளிர்விப்பானுக்கு மேல் ஆர்கானை வேகமாக ஓடவிட்டேன். மறுநாள் காலை குடுவையில் ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது, அகச்சிவப்பு நிறமாலையில் 1740 cm⁻¹ அருகே ஒரு கூர்மையான கோடு நின்றது. அமீனில் இருக்கக் கூடாத கார்போனைல் அது. டையோலின் ஒரு முனை ஆல்டிஹைடானதும் மறு முனை அதைப் பிடித்து உள்வளையமாகி, இன்னொரு முறை ஹைட்ரஜனை இழந்து லாக்டோனாகிவிட்டது, அதாவது வளைய எஸ்டர். உலோகம் எடுத்த ஹைட்ரஜனை ஆர்கான் வெளியே அடித்துக்கொண்டு போனதால் திருப்பிக் கொடுக்க அதனிடம் எதுவுமில்லை. அதே கலவையை மூடிய அழுத்தக் குழாயில் வைத்தபோது அந்தக் கோடு காணாமல் போனது, பைப்பெரிடின் வந்தது. ஆகவே கடன் வாங்கும் வினைகளில் ஹைட்ரஜனை வெளியேற விடாதீர்கள். மூடிய குழாய் என்றால் கனமான சுவர் கொண்டது, பாதிக்கு மேல் நிரப்பாதது, கவசத்துக்குப் பின்னால் வைத்தது.

இரண்டாவது வழி வளைய மூடல் மெட்டாதிசிஸ், அதாவது இரண்டு இரட்டைப் பிணைப்புகள் தங்கள் முனைகளை மாற்றிக்கொண்டு ஒன்றாகி வளையத்தை மூடும் வினை. நைட்ரஜனின் ஒரு பக்கம் அல்லைல், மறு பக்கம் ஹோமோஅல்லைல் தொகுதி. கிரப்ஸின் ருத்தேனியம் வினையூக்கி எத்திலீனை வெளியேற்றி ஆறு அணு வளையத்தை மூடும், பிறகு ஹைட்ரஜனேற்றம் செய்தால் பைப்பெரிடின். இங்கேயும் அளவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. கவனிக்க வேண்டியது நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை. கட்டற்ற அமீனை அப்படியே போட்டால் அது ருத்தேனியத்தைப் பற்றிக்கொண்டு நஞ்சாகிவிடும். குமிழிகள் சில நிமிடங்களில் நின்று கரைசல் கருத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீங்கள் ஏற்கனவே டோசில் கட்டியிருப்பதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. அதிக நேரம் சூடாக்கினால் வேறொரு தொல்லை வரும்: வினையூக்கி சிதைந்து ருத்தேனியம் ஹைட்ரைடு உண்டாகி, மூடும் முன்பே இரட்டைப் பிணைப்பை ஒரு கார்பன் தள்ளி நகர்த்திவிடும். அப்போது ஒரு கார்பன் குறைந்த வளையம் கலந்து வரும். 1,4-பென்சோகுயினோனை 10 மோல் சதவீதம் சேர்த்தால் இந்த நகர்வு அடங்குகிறது என்று கிரப்ஸ் குழுவே 2005-ல் வெளியிட்டது. நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன், நம்பலாம்.

மூன்றாவது, பழைய வழி, பலரும் மறந்துவிடுகிற வழி: பிரிடினை ஹைட்ரஜனேற்றம் செய்வது. உங்கள் இலக்கில் இருக்கும் பதிலீடுகள் கொண்ட பிரிடின் கடைச்சரக்காகக் கிடைத்தால் வளையம் மூடும் பிரச்சினையே இல்லை, அது ஏற்கனவே மூடியிருக்கிறது. பிளாட்டினம் ஆக்சைடும் அசிட்டிக் அமிலமும் போதும். அமிலம் சேர்ப்பது அலங்காரத்துக்கு இல்லை, புரோட்டான் ஏறிய நைட்ரஜன் உலோகப் பரப்பை நஞ்சாக்காது. ஹைட்ரஜன் ஒரே பக்கத்திலிருந்து ஏறுவதால் இரண்டு பதிலீடுகள் இருந்தால் பெரும்பாலும் சிஸ் மாற்றியம் (இரண்டும் வளையத்தின் ஒரே பக்கம் நிற்பது) வரும். டிரான்ஸ்தான் வேண்டுமென்றால் இந்த வழியை விடுங்கள். கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு இருந்தால் சாதாரண ஹைட்ரஜனேற்றத்தில் அது உதிர்ந்துபோகும் ஆபத்து உண்டு. மியூன்ஸ்டரில் ஃபிராங்க் குளோரியஸ் குழு 2019-ல் ரோடியம்-கார்பீன் வினையூக்கியோடு போரான் ஹைட்ரைடு சேர்மத்தையும் வைத்து அந்த ஃபுளூரினைக் காப்பாற்றியது. இங்கே ஒரு எச்சரிக்கை: வடிகட்டிய பிளாட்டினமும் பல்லேடியமும் காய்ந்தால் காற்றில் தீப்பிடிக்கும். வடிதாளை ஈரமாகவே வையுங்கள்.

தியடோர் பெட்லி 2013-ல் காட்டிய இரும்பு வினையூக்கத்தையும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஆல்கைல் அசைடு (மூன்று நைட்ரஜன்கள் வரிசையாக ஒட்டிய சேர்மம்) நைட்ரஜன் வாயுவை விட்டுவிட்டு, மீந்த நைட்ரஜன் அதே சங்கிலியின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் நேரடியாக நுழைகிறது. அழகான வேதியியல். உருவாகும் அமீன் இரும்பைப் பிடித்து நிறுத்திவிடாமல் இருக்க போக் அன்ஹைட்ரைடைக் கூடவே போட்டு, வந்த அமீனை உடனுக்குடன் மூடிவைக்கிறார்கள். அதைப் படித்தபோதுதான் நைட்ரஜன் வினைகளில் விளைபொருளே வினையூக்கிக்கு எதிரி என்பது எனக்கு முழுதாக உறைத்தது. ஆனால் உங்கள் தேவைக்கு இது உதவாது, ஏனென்றால் இதுவும் பைரோலிடினைத்தான் விரும்புகிறது. மேலும் சின்ன அசைடுகள் வெடிக்கும். கார்பன், ஆக்சிஜன் அணுக்களின் கூட்டுத்தொகையை நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 3-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கை மீறாதீர்கள்.

பைப்பெரிடினுக்கு இவ்வளவு பாடு ஏன் என்று உங்கள் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியார்டர்சன் குழு 2014-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்த சிறுமூலக்கூறு மருந்துகளை எண்ணிப் பார்த்தபோது 59 சதவீதத்தில் நைட்ரஜன் வளையம் இருந்தது, அவற்றில் முதலிடம் பைப்பெரிடினுக்கு. அதனால்தான்.

எதைத் தேர்ந்தாலும் விகிதத்தை எங்கே அளக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். சிலிக்கா ஜெல் குரோமட்டோகிராபிக்குப் பிறகு அளந்தால் அது வினையின் தேர்வுத்திறன் ஆகாது, சிலிக்கா விட்டுவைத்ததின் விகிதம்தான். காரத்தன்மை உள்ள அமீன்கள் சிலிக்காவில் சிக்கிக்கொள்ளும், ஆவியாகும் சிறிய அமீன்கள் சுழல் ஆவியாக்கியில் போய்விடும். கச்சாக் கலவையிலேயே, உள்ளகத் திட்டப் பொருள் ஒன்றைச் சேர்த்து, என்.எம்.ஆர். எடுங்கள். 2-மெத்தில் பைரோலிடினின் மெத்தில் இரட்டைக் கோடாகத் தனியே தெரியும், பதிலீடற்ற பைப்பெரிடினில் அப்படி ஒரு மெத்திலே இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க அது ஒன்றே போதும்.

உங்கள் சங்கிலியில் வேறென்ன பதிலீடுகள் இருக்கின்றன என்று எழுதவில்லை, அதனால் விளைச்சல் எவ்வளவு வரும் என்று என்னால் எண் சொல்ல முடியாது. டோசிலைக் கடைசியில் கழற்ற வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும், அது எளிதில் கழலாது. கிளையில்லாத சட்டகம் என்றால் நான் டையோல் வழியில் தொடங்குவேன். மூலக்கூறில் ஏற்கனவே ஒரு அல்லைல் தொகுதி இருந்தால் மெட்டாதிசிஸ். எதற்கும் முன்பாக, இப்போது கையில் இருக்கும் டிரைஃப்ளேட் வினையை அந்தப் பருத்த பிரிடினோடு ஒருமுறை ஓட்டி, கச்சா என்.எம்.ஆரை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.